மோல் என்றால் எந்த மோல்?

‘மோல்’ என்ற சொல் உங்கள் கண்ணில் பல இடங்களில் பட்டிருக்கும். பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் ஒரு மோல் உண்டு. தோல் மருத்துவர் ஒரு மோல் பற்றிப் பேசுவார். உளவுக் கதைகளில் ஒரு மோல் ஒளிந்திருப்பான். ஆங்கிலக் குழந்தைக் கதைகளில் கறுப்பாய், குண்டாய் ஒரு மோல் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். இந்தக் கடைசி மோல்தான் நம் கட்டுரையின் நாயகன். அதன் பெயருக்கு என்ன பொருள், அந்தப் பெயரை எங்கே நம்பலாம், எங்கே நம்பினால் சிக்கல் வரும் என்று பார்ப்போம்.

முதலில், அது என்ன விலங்கு?

ஆங்கிலத்தில் அடைமொழி எதுவும் இல்லாமல் ‘மோல்’ என்று சொன்னால், பெரும்பாலும் ஐரோப்பிய மோலைத்தான் குறிப்பார்கள். உடல் 11 முதல் 16 சென்டிமீட்டர் நீளம், எடை ஏறத்தாழ 100 கிராம். வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் தானே தோண்டிய சுரங்கங்களில் கழிக்கும். முன்னங்கால்கள் மண்வெட்டி போல அகன்று, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். ஐந்து விரல்களோடு கட்டைவிரல் பக்கத்தில் ஓர் எலும்பு தனியாக நீண்டு, ஆறாவது விரல் போலத் தோண்ட உதவும். ரோமம் எந்தப் பக்கம் தடவினாலும் படியும். அதனால் குறுகலான சுரங்கத்தில் பின்னோக்கிப் போகும்போதும் மண் ரோமத்தில் சிக்காது.

அதற்குக் கண் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. ரோமத்துக்குள் புதைந்த, குண்டூசித் தலை அளவுள்ள கண். வெளிச்சமா இருட்டா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

எலியா? இல்லை. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் கொறிணிகள் (ஓயாமல் வளரும் முன்பற்களால் கொறித்துத் தின்னும் விலங்குகள்). மோல் கொறிக்காது. அது மண்புழுவையும் பூச்சிப் புழுக்களையும் பிடித்துத் தின்னும். மண்புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகாமலும் நகராமலும் செய்து, நிலத்தடி அறையில் நூற்றுக்கணக்கில் சேர்த்தும் வைக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் இரவில் கீச்கீச்சென்று சுவரோரமாக ஓடும் மூஞ்சூறுதான் நமக்குத் தெரிந்தவற்றில் மோலுக்கு நெருங்கிய உறவு. அதையும் நாம் எலி என்றே நினைத்து அடிக்கிறோம் என்பது வேறு கதை.

அப்படியானால் பெயருக்கு என்ன பொருள்?

‘மோல்’ என்பது ஒரு நீளமான பழைய பெயரின் குறுகிய வடிவம் என்பதே பெரும்பாலோர் கருத்து. இடைக்கால ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ‘மோல்ட்வார்ப்’. முதல் பாதிக்கு மண், இரண்டாம் பாதிக்கு எறிதல். ஆக, ‘மண் எறிவான்’. ஷேக்ஸ்பியர் தம் நான்காம் ஹென்றி நாடகத்தில் இந்தப் பழைய பெயரையே பயன்படுத்தியிருக்கிறார். டேனிஷ் மொழியில் இன்றும் ‘முல்வார்ப்’ என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் கிராமத்துப் பெரியவர்கள் ‘வான்ட்’ என்றும் சொல்வதுண்டு. அங்கே பழைய தோட்டக் குறிப்புகளைப் படிக்கும்போது அந்தச் சொல் வந்தால் அது ‘வேண்டும்’ அல்ல, இந்த விலங்குதான்.

ஜெர்மானியர் ‘மவுல்வுர்ஃப்’ என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘மவுல்’ என்றால் இன்றைய ஜெர்மனில் விலங்கின் வாய். அதனால் ‘வாயால் எறிவான்’ என்று பொருள்படுகிறது. ஆனால் மோல் வாயால் மண்ணை எறிவதில்லை, முன்னங்கால்களால் தள்ளுகிறது. பழைய ஜெர்மனில் முதல் பாதி ‘குவியல்’ என்று பொருள்படும் வேறு சொல். அந்தச் சொல் வழக்கொழிந்ததும், மக்கள் காதுக்குப் பழகிய ‘வாய்’ அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதாவது பெயரைச் சூட்டியவர்கள் குவியலைத்தான் பார்த்தார்கள். விலங்கை யார் பார்த்தார்கள்? அது எங்கே வெளியே வருகிறது? காலையில் எழுந்து பார்த்தால் புல்தரையில் கைப்பிடி கைப்பிடியாய் ஈர மண் குவிந்திருக்கும். அதை எறிந்தது எதுவோ அதுவே பெயர்.

பொதுப்பெயர் (மக்கள் வழக்கில் ஒரு விலங்குக்குச் சொல்லும் பெயர்) பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது. பார்த்தவர்களுக்கு எது தட்டுப்பட்டதோ அதை அது சொல்லும். அந்த விலங்கு எதன் உறவு என்று அது சொல்லாது. இதனால் நமக்கு என்ன ஆகும் என்பதை அடுத்து விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம்.

‘ஐரோப்பிய’ என்ற அடைமொழியையாவது அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ஓரளவுக்குத்தான். அயர்லாந்தும் ஐரோப்பாதான், அங்கே மோலே கிடையாது. ஐஸ்லாந்திலும் கிடையாது. தெற்கு இத்தாலியிலும் ஸ்பெயினின் பெரும்பகுதியிலும் இருப்பவை வேறு இன மோல்கள். மறுபுறம், ஐரோப்பிய மோல் உரால் மலைகளைத் தாண்டி ரஷ்யாவின் ஆசியப் பகுதிக்குள்ளும் வாழ்கிறது. போதாக்குறைக்கு, பிரான்சின் தென்மேற்கில் காலங்காலமாக ‘ஐரோப்பிய மோல்’ என்றே அழைக்கப்பட்ட ஒன்று தனி இனம் என்று 2017இல் விஞ்ஞானிகள் விவரித்தார்கள். அதன் கண்கள் தோலால் மூடியிருக்கும். அந்த ஊர் விவசாயி நேற்றும் இன்றும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார். அறிவியலில் மட்டும் அந்த விலங்கு வேறாகிவிட்டது.

‘காமன் மோல்’ (பொது மோல்) என்ற பெயரும் உண்டு. பிரிட்டனில் அது ஐரோப்பிய மோலைக் குறிக்கும். அமெரிக்காவில் அதே பெயர் கிழக்கு மோல் என்ற வேறொரு விலங்குக்கு வழங்கியது. இரண்டு நாட்டுப் புத்தகங்களை ஒருசேர வைத்துப் படிக்கும் மாணவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

இந்தச் சிக்கலுக்குத்தான் அறிவியல் பெயர் இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1758இல் ஐரோப்பிய மோலுக்கு ‘டால்பா யூரோப்பியா’ என்று பெயரிட்டார். டால்பா என்பது மோலுக்கு லத்தீன் சொல். எந்த நாட்டில், எந்த மொழியில் எழுதினாலும் இந்தப் பெயர் இந்த ஒரே இனத்தைத்தான் குறிக்கும்.

அறிவியல் பெயர் பொய்யே சொல்லாதா என்று கேட்டால், சொல்லும். அதே ஆண்டு அமெரிக்கக் கிழக்கு மோலுக்கு லின்னேயஸ் ‘நீரில் வாழ்வது’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதன் விரல்களுக்கு இடையே தோல் இருப்பதால் நீர்வாழ் விலங்கு போலத் தோன்றும். உண்மையில் அந்தத் தோல் மண்ணை அள்ளுவதற்கு. நீரில் நன்றாக நீந்தி இரை பிடிக்கும் மோல் வேறு. மூக்கைச் சுற்றி 22 சதை விரல்கள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும் நட்சத்திரமூக்கு மோல் அது. இருந்தும் ‘நீர்வாழ்’ பட்டம் இன்றுவரை கிழக்கு மோலிடமே இருக்கிறது. அறிவியல் பெயரைச் சூட்டிவிட்டால், பொருள் தவறு என்பதற்காக மாற்ற மாட்டார்கள். அது அடையாள எண் மாதிரி. பொருள் பொருந்தாவிட்டாலும் இரண்டு விலங்குகளைக் கலக்காமல் இருக்கிறதல்லவா, அது போதும்.

இனி, பெயரில் மோல் இருந்தும் மோல் அல்லாதவற்றைப் பார்ப்போம். செய்திகளில் நீங்கள் அடிக்கடி இடறும் இடம் இதுதான்.

தென்னாப்பிரிக்காவில் ‘தங்க மோல்’ என்று ஒரு விலங்கு. 1930களுக்குப் பிறகு காணாமல் போனதாக நினைத்திருந்த டி வின்டன் தங்க மோல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதாக 2023 நவம்பரில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. இது மோல் குடும்பமே அல்ல. யானையும், பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவும் சேர்ந்த பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் ‘பை மோல்’ உண்டு. அது கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும். இவை எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? மண்ணுக்குள் நீந்துவது போல் வாழ வேண்டுமென்றால் உடல் உருளையாக, கால் அகலமாக, கண் சிறிதாக இருப்பதுதான் வசதி. தனித்தனி வழியில் வந்த விலங்குகள் ஒரே வேலைக்காக ஒரே உருவம் எடுத்தன. பார்த்தவர்கள் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள்.

‘நேக்கட் மோல் ராட்’ என்ற ரோமமில்லாத விலங்கையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்கிறது, புற்றுநோய் அரிதாகவே வருகிறது என்று மருத்துவச் செய்திகளில் அடிபடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழும் இது ஒரு கொறிணி. அதிலும் எலியைவிட முள்ளம்பன்றிக்கு நெருக்கம். பெயரில் இருக்கும் மோலும் பொய், எலியும் பொய்.

‘மோல் கிரிக்கெட்’ என்று ஆங்கிலத்தில் படித்தால் பயப்படாதீர்கள், அது நம் பிள்ளைப்பூச்சி. முன்னங்கால் மோலுடையதைப் போலத் தோண்டுவதற்கு அமைந்திருப்பதால் அந்தப் பெயர். ‘அவன் ஒரு பிள்ளைப்பூச்சி’ என்று அப்பாவியைச் சொல்கிறோமே, அதே பூச்சிதான்.

விலங்கோடு சம்பந்தமே இல்லாமல் எழுத்து மட்டும் ஒன்றாக இருக்கும் மோல்களும் உண்டு. இவற்றைக் கலந்துகொண்டால் சில நேரம் விளைவு பெரிதாக இருக்கும், ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேதியியல் மோல் ‘மூலக்கூறு’ என்பதற்கான சொல்லிலிருந்து ஜெர்மன் வழியாக வந்தது. 6.02214076 × 10²³ துகள்கள் கொண்ட அளவு அது. அக்டோபர் 23 அன்று அமெரிக்கப் பள்ளிகளில் ‘மோல் தினம்’ கொண்டாடும்போது சுவரொட்டியில் இந்த விலங்கின் படத்தைப் போடுவார்கள். அது சொல் விளையாட்டு மட்டுமே. உங்கள் பிள்ளை ‘இந்த எலிக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எலியும் இல்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தோலில் இருக்கும் மோல் என்பது மச்சம். அது ‘கறை’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. மருத்துவச் சீட்டில் இந்தச் சொல் இருந்தால் பதற வேண்டியதில்லை. மச்சத்தின் வடிவமோ நிறமோ அளவோ மாறினால், அரித்தாலோ ரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் கர்ப்பிணியின் ஸ்கேன் அறிக்கையில் ‘மோல்’ அல்லது ‘மோலார்’ என்று எழுதியிருந்தால் அது மச்சம் அல்ல. தமிழில் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்பார்கள். கரு சரியாக உருவாகாமல், கருப்பையில் திராட்சைக் கொத்து போன்ற நீர்க்கட்டிகள் வளரும் நிலை. இந்த மோல் ‘எந்திரக்கல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதற்குச் சிகிச்சையும் அதன்பின் தொடர்ந்து ரத்தப் பரிசோதனையும் தேவை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டி, ‘மச்சம்தானாம், ஒன்றுமில்லை’ என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவரிடமே பொருளைக் கேளுங்கள்.

உளவாளி மோல் மட்டும் உண்மையில் விலங்கிலிருந்து வந்தது. எதிரியின் அமைப்புக்குள்ளேயே நெடுங்காலம் புதைந்து கிடந்து அடியில் குடைபவன். பிரான்சிஸ் பேக்கன் 1622லேயே இந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். இதை எல்லோர் வாயிலும் ஏற்றியது ஜான் லெ காரேயின் 1974ஆம் ஆண்டு உளவு நாவல். செவ்வாய் கிரகத்தில் 2018இல் இறங்கிய இன்சைட் கலத்தில் ஐந்து மீட்டர் ஆழம் துளைக்க வைத்திருந்த கருவிக்கும் மோல் என்றே செல்லப்பெயர். அங்கே மண் பிடிமானம் தராததால் மேற்பரப்புக்குக் கீழே சற்றே புதைந்ததோடு சரி. 2021 ஜனவரியில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

துணிக்கடையில் ‘மோல்ஸ்கின்’ கால்சட்டை பார்த்தால், விலங்கின் தோல் என்று தயங்க வேண்டாம். அது அடர்த்தியாக நெய்த பருத்தித் துணி. தடவிப் பார்த்தால் மோல் ரோமம் போல் மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயர். மெக்சிகோ உணவகத்தில் அதே எழுத்தில் எழுதியிருப்பதை ‘மோலே’ என்று படிக்க வேண்டும். அது மிளகாய்க் குழம்பு.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். ஜெர்மனியிலோ பிரிட்டனிலோ வாழும் தமிழ்க் குடும்பம் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

புல்தரையில் மண் குவியல் தெரிகிறது. யார் செய்தது? ‘மோல்’, ‘வோல்’ என்று காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு விலங்குகள் இருக்கின்றன. வோல் என்பது குட்டை வாலுள்ள ஒரு கொறிணி. அது செடியின் வேரையும் கிழங்கையும் தின்னும். மோல் வேரைத் தின்னாது. ஆகவே உங்கள் கேரட்டும் ரோஜா வேரும் கடிபட்டிருந்தால், முதலில் வோலைச் சந்தேகியுங்கள்.

குவியலைப் பார்த்தும் சொல்லலாம். மோல் குவியல் வட்டமாக, சற்று உயரமாக இருக்கும், துளை ஏறத்தாழ நடுவில் கீழ்நோக்கிப் போகும். வோல் குவியல் தட்டையாக இருக்கும். துளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், மண்ணோடு புல், வேர்த் துண்டுகள் கலந்திருக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஜெர்மனியில் மோல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதி இல்லாமல் பிடிக்கவோ காயப்படுத்தவோ கொல்லவோ கூடாது. மீறினால் பெரிய அபராதம். ஜெர்மனில் ‘வியூல்மவுஸ்’ என்று அழைக்கும் தோட்ட வோலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்கான பொறி கடையிலேயே கிடைக்கும். அதை மோல் சுரங்கத்தில் வைத்துவிட்டால், தெரியாமல் செய்தேன் என்பது சரியான பதிலாக இருக்காது. குவியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் பொறி வைக்க வேண்டாம். விரட்டுவதானாலும் உள்ளூர் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே மோலுக்குத் தனிப் பாதுகாப்பு இல்லை. பொறி வைக்கலாம். ஆனால் தேவையில்லாமல் வதைத்தால் விலங்கு நலச் சட்டம் பாயும். முன்பு புழக்கத்தில் இருந்த ஸ்ட்ரிக்னைன் நஞ்சு 2006 முதல் தடை. நச்சுவாயு மாத்திரைகளைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம், அவை வீட்டுக்குள் வாயு பரவி மனிதரையும் கொல்லும் பொருள். அயர்லாந்தில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? அங்கே எந்தக் குவியலைப் பார்த்தாலும் மோலைக் குறை சொல்ல முடியாது.

பத்துக் குவியல் இருந்தால் பத்து மோலா? இல்லை. இனப்பெருக்கக் காலம் தவிர ஒவ்வொரு மோலும் தனியாகவே வாழும். ஒரே ஒரு மோல் ஒரு தோட்டம் முழுக்கக் குவியல் போட்டுவிடும். என் கருத்தைக் கேட்டால், மண்ணை வாரி எடுத்துப் பூந்தொட்டிக்குப் போட்டுவிட்டு அதை அதன் வழியில் விடுவதே நல்லது. கிளறிய, களை விதை குறைந்த நல்ல மண் அது. பூச்சிப் புழுக்களையும் அது தின்று தீர்க்கிறது. கிரிக்கெட் மைதானம் வைத்திருப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள், அது அவர்கள் நியாயம்.

மோல் குவியல் ஓர் அரசரையே வீழ்த்தியதாகவும் சொல்வார்கள். இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் 1702இல் குதிரை இடறி விழுந்து, காறை எலும்பு முறிந்து, சில நாளில் இறந்தார். குதிரையின் கால் மோல் குவியலில் சிக்கியது என்பது கதை. அவரை வெறுத்த கட்சியினர் மதுக்கோப்பையை உயர்த்தி, ‘கறுப்பு வெல்வெட் சட்டை போட்ட சின்ன கனவானுக்கு’ வாழ்த்துச் சொன்னார்கள். பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இந்தக் கனவானைச் சந்தித்தால் அவர் யாரென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் வயல் வைத்திருப்பவர், வேளாண்மை படிப்பவர் ஆகியோருக்கும் இந்தப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது.

ஆங்கில வேளாண் நூல்களில் ‘இந்தியன் மோல் ராட்’ என்று வரும். இதை ‘இந்திய மோல்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நெல் வயலின் வரப்பைக் குடைந்து, கதிர்களை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கும் வயல் எலி. அறிவியல் பெயர் ‘பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ்’. இருளர்கள் வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்த நெல்லையும் எடுப்பார்களே, அந்த எலி. வளை வாயைத் தளர்ந்த மண்ணால் அடைத்து வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அந்த மண் குவியலைப் பார்த்த வெள்ளைக்காரருக்குத் தம் ஊர் மோல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

விளைவு என்ன? இணையத்தில் ‘மோல் கட்டுப்பாடு’ என்று தேடினால் புழு வடிவில் செய்த தீனி, புல்தரைப் பொறி என்று ஐரோப்பிய, அமெரிக்க யோசனைகள் வரும். புழு தின்னும் விலங்குக்கான தீனியை வயல் எலி சீண்டாது. தானியத்தில் கலந்த எலி மருந்தை மோல் சீண்டாது. ஆகவே தேடும்போது ‘மோல்’ என்ற சொல்லை விட்டுவிட்டு அறிவியல் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அல்லது தமிழிலேயே வயல் எலி என்று கேட்டு உங்கள் வட்டார வேளாண் அலுவலரை அணுகுங்கள்.

இந்த எலியின் இன்னொரு ஆங்கிலப் பெயரான ‘பாண்டிகூட்’ தெலுங்கின் ‘பந்திக்கொக்கு’ (பன்றி எலி) என்பதிலிருந்து போனது. ஆங்கிலேயர் அதை ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோய், பையுள்ள வேறொரு விலங்குக்குச் சூட்டிவிட்டார்கள். மோல் பெயர் இங்கே வந்து எலியின் மேல் ஒட்டிக்கொண்டது, எலிப் பெயர் அங்கே போய்க் கங்காருவின் உறவின் மேல் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் தமிழில் மோலை எப்படி எழுதுவது?

அகராதிகளில் அகழெலி, துன்னெலி என்ற சொற்கள் கிடைக்கும். இரண்டிலும் ‘எலி’ இருக்கிறது. அதோடு அகழெலி என்பது வயல் எலிக்கும் வழங்கும் சொல். குழந்தைக் கதையை மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் அகழெலி என்றே போடுங்கள், படிக்க அழகாக இருக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. செக் நாட்டு ஓவியர் ஸ்டெனெக் மிலர் 1957 முதல் எடுத்த கார்ட்டூன் படங்களின் ‘கிர்டெக்’ என்ற குட்டி மோலுக்கும் அது பொருந்தும்.

பாடநூல், அருங்காட்சியகப் பலகை, செய்தி ஆகியவற்றில் ‘ஐரோப்பிய மோல்’ என்று எழுதி, முதல் முறை மட்டும் ‘மூஞ்சூற்றின் உறவான, மண்ணுக்குள் வாழும் விலங்கு’ என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. பெருச்சாளி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது நமக்கு நன்றாகத் தெரிந்த வேறு விலங்கு. படிப்பவர் மனத்தில் சாக்கடை ஓரத்து உருவம் பதிந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது.

ஆங்கிலத்தில் ‘மோல் குவியலை மலையாக்குவது’ என்று ஒரு தொடர் வரும். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குவது என்று பொருள். மோலை எலியாகக் கொண்டால் எலியும் மலையும் சேர்ந்து வருவதால் சில மொழிபெயர்ப்பாளர்களுக்கு ‘மலையைக் கெல்லி எலியைப் பிடித்த’ பழமொழியைப் போடத் தோன்றும். வேண்டாம். அது பெரிய உழைப்புக்குச் சிறிய பலன் என்று சொல்கிறது. இரண்டும் வேறு.

இத்தாலிய, ஸ்பானிய மொழிகளிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘டோப்போ’ என்றால் இத்தாலியனில் சுண்டெலி, ஸ்பானிஷில் ஏறத்தாழ அதே ஒலிப்புள்ள ‘டோப்போ’ என்றால் மோல்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. உண்மையான மோலை இந்தியாவில் பார்க்க முடியுமா?

தென்னிந்தியாவில் முடியாது, இங்கே மோல் இனம் எதுவும் இல்லை. தமிழில் அதற்கென்றே பிறந்த சொல் இல்லாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் இமய மோல் இருக்கிறது. 1841இல் பிரையன் ஹாட்ஜ்சன் அதை விவரித்தார். அஸ்ஸாம், காசி மலைப் பகுதிகளில் வெள்ளைவால் மோல் உண்டு. அந்தப் பக்கம் போகும்போது வழிகாட்டியிடம் ‘மோல்’ என்று கேட்டால் அவர் ஏதாவது ஓர் எலி வளையைக் காட்டவும் கூடும். மண் குவியலைக் காட்டினால், அதில் வேர்த் துண்டு, தானிய உமி கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அது எலியாகத்தான் இருக்கும்.